பலகையில் 'ஆர்.ஒய்.டி. 200' என்று போட்டிருந்தால் அந்த யோகா வகுப்பில் சேரலாமா?

பிபி மாத்திரை சாப்பிடும் அம்மாவைச் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகையை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

ஆர்.ஒய்.டி. (ரெஜிஸ்டர்டு யோகா டீச்சர்) என்பது அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் பதிவு. அவர்களிடம் பதிவான பள்ளியில் 200 மணி நேரப் பயிற்சி முடித்துக் கட்டணம் கட்டினால் பெயர் ஏறிவிடும். அலையன்ஸ் தனியாகப் பரீட்சை எதுவும் வைப்பதில்லை. 25 நாளில் முடித்தார் என்றால் நாளைக்கு எட்டு மணி நேரம். ஆசனம், பிராணாயாமம், தத்துவம், உடற்கூறு எல்லாம் அதற்குள்தான். ரத்த அழுத்தத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருப்பார்கள்? (200 மணி நேரக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் கற்றவர்களைச் சொல்லவில்லை.)

ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் எழுத்து, செய்முறை இரண்டிலும் தேர்வு வைக்கிறது. ஆனால் எந்த நிலை என்று கேளுங்கள். முதல் நிலையான புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், பொது யோகா வரிசையை நடத்தத்தான். தெரபிக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. பெயருக்கு முன் 'டாக்டர்' இருந்தால் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டம்) படித்தவரா என்று கேட்டுவிடுங்கள். அது இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடப் படிப்பு. மேடையில் சால்வையோடு வாங்கிய கௌரவப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு நாடி பார்ப்பவர்களை யாரும் கேட்பதில்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.

காகிதத்தைவிட ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது மேல். புதிதாக வந்தவரிடம் பிபி, கண் அழுத்தம், குடலிறக்கம், அறுவை சிகிச்சை பற்றிக் கேட்கிறாரா? கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் முதுகை அழுத்தித் தள்ளுகிறாரா? டிஸ்க் பிரச்சினை உள்ளவருக்கு அந்தத் தள்ளல் ஒன்றே போதும். முன்னால் குனிந்தவர்களை மெதுவாக எழச் சொல்கிறாரா? பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றலாம். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் முடியாதவருக்குச் சுவரில் கால் வைத்துப் படுக்கக் காட்டுகிறாரா, இல்லை 'பழகப் பழக வரும்' என்கிறாரா?

கடைசியாக, 'அம்மாவுக்கு பிபி, கபாலபாதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்யலாமா?' என்று கேளுங்கள். 'இப்போதைக்கு வேண்டாம், மூச்சை அடக்குவதும் தலைகீழ் ஆசனமும் வேண்டாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்' என்றால் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டிச் சேருங்கள். 'மூணு மாசத்துல மாத்திரையையே நிறுத்திடலாம்' என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.