காதில் கேட்பதும் வயிறு சொல்வதும்

உணவோடும் உடம்போடும் இணக்கமாக இருக்க உதவும் ஒலிப்பதிவுகள் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். உணவியல், உளநல ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள்.

கே: 'உடம்பை நேசியுங்கள்' என்று பேசும் பாட்காஸ்ட்கள் குவிந்து கிடக்கின்றன. எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது?

ஒன்றைக் கேட்டு முடித்ததும் அடுத்த வேளைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். மனசு லேசாகிறதா, 'இதைச் சாப்பிடலாமா, கூடாதா' என்ற கணக்கு ஓடுகிறதா? கணக்கு ஓடினால் அது சட்டை மாற்றிக்கொண்டு வந்த பழைய டயட்தான். பேசுபவர் தான் குறைத்த கிலோக்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாலோ, நடுவில் பவுடர் விற்றாலோ தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

இதைவிட நயமான ஏமாற்று ஒன்று உண்டு. 'உடம்பின் பேச்சைக் கேளுங்கள், எடை தானாகக் குறையும்' என்பது. 1995-இல் இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் முன்வைத்த 'உள்ளுணர்வு வழி உண்ணல்' முறையில் 10 கொள்கைகள் உண்டு. முதல் கொள்கையே டயட் மனோபாவத்தைக் கைவிடுவதுதான். எடையைப் பரிசாகக் காட்டினால், பசியையும் திருப்தியையும் விட்டுவிட்டு மறுபடி தராசையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நல்ல பேச்சாளர் தன் படிப்பு என்ன என்று சொல்வார். இந்த முறை யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்வார். வாரத்துக்கு ஒரு அரை மணி நேரப் பேச்சு போதும். வரிசையாக ஐந்து கேட்பது பெரும்பாலும் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடும் வழிதான்.

கே: சாப்பிடும்போதே கேட்கலாமா?

பேச்சு நிகழ்ச்சி வேண்டாம். கவனம் காதுக்குப் போனால் தட்டு காலியானதுகூடத் தெரியாது. சாப்பிடும்போது கேட்பதற்கென்றே சின்னப் பதிவு ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். உங்கள் வீட்டுப் பேச்சுவழக்கில் இருப்பதால் வெளிப்பதிவுகளைவிட இது நன்றாக ஒட்டும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதியுங்கள். மொத்தம் ஒரு நிமிடம் போதும். 'இப்ப எவ்வளவு பசி? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லு.' இங்கே 15 விநாடி மௌனம். 'பசி எங்க தெரியுது? வயித்துலயா, தலையிலயா, கை நடுக்கத்துலயா?' மறுபடி மௌனம். 'முதல் வாய் எப்படி இருக்கு? சூடா, உப்பா, மொறுமொறுப்பா?' அவ்வளவுதான், மீதிச் சாப்பாட்டைச் சத்தமில்லாமல் சாப்பிடுங்கள். பாதியில் ஒருமுறை கையை வைத்துவிட்டு அதே எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது மௌனத்தில்தான். பேசும்போது 15 விநாடி மிக நீளமாகத் தோன்றும், உடனே அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். கேட்கும்போதோ அது பத்தாது. கடிகாரத்தைப் பார்த்தே பதியுங்கள். 'மெதுவா சாப்பிடு', 'போதும், நிறுத்து' போன்ற கட்டளைகள் உள்ளே வரக் கூடாது, கேள்விகள் மட்டும். உங்கள் குரலே உங்களுக்குக் கூசும். பேசும்போது எலும்பு வழியாகவும் கேட்கிற குரல் பதிவில் காற்று வழியாக மட்டுமே வருவதால் அது வேறு யாரோ போல ஒலிக்கிறது. சில முறை கேட்டால் பழகிவிடும்.

கே: உடம்பை உச்சி முதல் பாதம் வரை கவனிக்கச் சொல்லும் தியானப் பதிவு கேட்டேன். வயிற்றுப் பகுதி வந்ததும் வெறுப்பும் படபடப்பும்தான் வந்தது.

அப்படியானால் வயிற்றை விட்டுவிடுங்கள். ஜான் கபட்-ஸின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய தியானப் பயிற்சியால் பரவலான முறை இது. அங்கே ஏறக்குறைய 45 நிமிடம் செய்வார்கள். தன் உடம்போடு சண்டையில் இருப்பவருக்கு ஆரம்பத்திலேயே அவ்வளவு நேரம் ஒத்துவராது. கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்து, உள்ளங்கை, பாதம் இரண்டை மட்டும் 5 நிமிடம் கவனியுங்கள். சூடு, குளிர்ச்சி, தரை அழுத்துவது போன்ற அழகு பற்றிய தீர்ப்பு ஒட்டாத உணர்வுகள் போதும். படபடப்பு கூடினால் பதிவை நிறுத்திவிட்டு எழுந்து நடக்கலாம். பழைய அதிர்ச்சி அனுபவம் இருந்தால் ஆலோசகர் துணையோடு செய்வதே நல்லது.

கே: 'எதையும் தடை செய்யாதீர்கள்' என்பதைக் கேட்டு டயட்டை விட்டேன். இப்போது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னை நான் எப்படி நம்புவது?

பட்டினிக்குப் பின் வரும் பெரும்பசி மனவலிமை இல்லாததற்கு அடையாளம் அல்ல. 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 36 ஆண்கள் சுமார் 6 மாதம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தடை நீங்கிய பிறகு சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் திருப்தி வரவில்லை. உங்கள் உடம்பும் அப்படித்தான் விட்டதைப் பிடிக்கிறது.

இந்தக் கட்டத்தில் பசியின் குரலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், பசி இல்லாவிட்டாலும். அடுத்த வேளை நிச்சயம் வரும் என்று உடம்பு தெரிந்துகொண்ட பிறகுதான் பசியும் நிறைவும் தெளிவாகப் பிரியும். நேற்று அதிகமாகிவிட்டதே என்று இன்று காலை உணவை விட்டால், சுற்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

கே: எனக்குச் சர்க்கரை நோய். 'பசித்தால் மட்டும் சாப்பிடு' என்ற பதிவுகள் எனக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர் பசி இல்லை என்று ஒரு வேளையை விட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். நேரத்தை உங்கள் மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொண்டு, நிறைவு, ருசி, சாப்பிட்ட பின் உடம்பு எப்படி இருக்கிறது என்பவற்றைக் கவனிக்க மட்டும் இந்தப் பயிற்சியைப் பயன்படுத்துங்கள்.

சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது, மயக்கம், மாதவிலக்கு 3 மாதம் நின்றுபோவது, வேகமாக எடை இறங்குவது ஆகியவை சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்.