சத்து மாத்திரையும் ஆட்டின் மூக்கும்

கேள்வி: தடுமன் பிடித்தால் உடனே வைட்டமின் சி சத்து மாத்திரை போட வேண்டும், தினமும் போட்டால் தடுமனே பிடிக்காது என்கிறாள் நர்ஸிங் படித்த என் மருமகள். சுக்குக் காப்பியே போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, தக்கலை)

பதில்: அம்மா, முதலில் 'தடுமன்' என்று எழுதியதற்கு ஒரு கும்பிடு. இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் எல்லோருக்கும் 'ஜலதோஷம்'தான் பிடிக்கிறது. கொஞ்சம் வசதியானவர்களுக்கு 'கோல்டு'. தடுமன் பிடித்த ஒருவரைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

ஆனால் 'சத்து மாத்திரை' என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நம் குமரி மாவட்டத்தில் மேற்கே போகப் போக அது விவகாரமான சொல். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால், மலையாளத்தில் 'சத்து' என்பதற்குச் செத்துவிட்டது என்று பொருள். அதுவும் மனிதர்களுக்குச் சொல்வதில்லை, ஆடு மாடு எலிக்குச் சொல்வது. என் மாமா ஒருவர் பாறசாலையில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தடுமன் பிடித்து, மருந்துக்கடையில் போய், "சத்துக்கு ஒரு மாத்திரை தாங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எந்தா சத்தது? எலியோ?" மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இல்லை, எனக்குத்தான்" என்றாராம். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து மாமாவைத் தொட்டுப் பார்த்ததாகக் கேள்வி. தொட்டுப் பார்த்தது மட்டும் மாமா பிற்பாடு சேர்த்துக்கொண்டது என்பது அத்தையின் கட்சி.

சரி, மாத்திரைக்கு வருவோம். உங்கள் மருமகளுக்கு 100க்கு 35 போடலாம். பாஸ்தான், ஆனால் ஊரைக் கூட்டி லட்டு கொடுக்கிற பாஸ் இல்லை.

இந்த வைட்டமின் சி பக்தியை உலகமெங்கும் பரப்பியவர் லைனஸ் பாலிங். 1954இல் வேதியியலுக்கு நோபல், 1962இல் அமைதிக்கு நோபல், இரண்டையும் யாரோடும் பங்கு போடாமல் வாங்கியவர். அவர் 1970இல் வைட்டமின் சி-யும் தடுமனும் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவ்வளவுதான், மருந்துக்கடைகள் காலியாயின. அவர் வாதத்தில் ஆடு ஒரு முக்கிய சாட்சி. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே கிராம் கணக்கில் தயாரித்துக்கொள்கிறது, மனிதனால் முடியாது, ஆகவே நாமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும் என்றார். இரண்டு நோபல் வாங்கியவரிடம் நான் என்ன பேச? ஆனால் ஆனி ஆடிச் சாரலில் எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டை அவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம். வேலியில் சாய்ந்து நின்று, இரண்டு மூக்கும் ஒழுக, பாவம், தும்மிக்கொண்டிருக்கும்.

பிற்பாடு நடந்த சோதனைகளை எல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்து 2013இல் கணக்குச் சொன்னார்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்த சோதனைகள் அவை. தினமும் மாத்திரை போட்டாலும் சாதாரண மனிதர்களுக்குத் தடுமன் பிடிப்பது குறையவில்லை. பிடித்தது கொஞ்சம் சீக்கிரம் விட்டது: பெரியவர்களுக்கு 8 சதவீதம், பிள்ளைகளுக்கு 14 சதவீதம். ஏழு நாள் தடுமனில் 8 சதவீதம் என்றால் 13 மணி நேரம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மூக்கடைக்கிற ஆளுக்கு 365 மாத்திரைக்கு லாபம் ஒன்று, ஒன்றரை நாள். அதைவிட முக்கியம், மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு மாத்திரையை ஆரம்பித்தவர்களுக்கு நம்பும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. நாமெல்லாம் அப்போதுதானே ஆரம்பிக்கிறோம்? மூன்றாம் நாள் ஆரஞ்சு மாத்திரையைச் சப்பத் தொடங்குகிறோம், தடுமன் தன் பாட்டுக்கு ஏழாம் நாள் போகிறது, பேர் மாத்திரைக்கு.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் தடுமன் பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. மாரத்தான் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்குக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்கள். பேச்சிப்பாறையில் பனி விழுந்தால் சொல்லுங்கள், நானும் தினம் ஒன்று போடுகிறேன்.

ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்கிறது நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). பெண்களுக்கு அதைவிடக் குறைவு. மாத்திரை ஒன்று 500. மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போகிறது. 2,000 தாண்டினால் வயிற்றைக் கலக்கும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காய் சொல்லவே வேண்டாம். அதற்காக அதியமானை இழுக்காதீர்கள். அவர் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது சாகாமல் இருப்பதற்கு, மூக்கு ஒழுகாமல் இருப்பதற்கு இல்லை. (அதாவது, 'சத்து'ப் போகாமல் இருப்பதற்கு.)

இப்போது நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நிறுத்துங்கள். தடுமனைக் கொடுக்கிற வைரஸ்கள் 200 வகைக்கு மேல், அதில் ஒன்றையும் சுக்கு விரட்டியதில்லை. கருப்பட்டி தட்டிப்போட்டு, நல்லமிளகு நாலு நசுக்கிப்போட்டு, ஆவி மூக்கில் ஏற ஏறக் குடிக்கும்போது தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அந்த மட்டுக்கும் அது உண்மை. எங்கள் ஆச்சி குளித்த தலையைத் துவட்டி முடித்ததும் உச்சியில் ராஸ்னாதி என்கிற ஆயுர்வேதப் பொடியை வைத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பாள். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிற வரைக்கும் அந்த வாசனை தலையில் இருக்கும். தடுமனும் இருக்கும். அதனால் மாமியாருக்கும் 35தான்.

அப்புறம், மட்டிப்பழம், நம் ஊர்ச் சின்ன வாழைப்பழம். மட்டிப்பழம் தின்பதால் தடுமன் வருவதில்லை, அது வைரஸால் வருவது என்று முன்பு இதே பக்கத்தில் எழுதினேன். திங்கள்சந்தை வாசகர் ஒருவர் எட்டுப் பக்கத்தில் திட்டி எழுதினார். மழைக்காலத்தில் ராத்திரி ஒரு சீப்பு தின்றுவிட்டு எழுதும்படி சவால் வேறு. மாவட்டத்துக்கு மழைக்காலம் ஒன்றா, இரண்டா? ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. எந்த மழை என்று கேட்டுப் பதில் போட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. போன வாரம் வடசேரியில் வாங்கிய சீப்பு மேஜைமேல் தோல் கறுத்துக்கொண்டு வருகிறது.