மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். நான் மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, சென்னையில் வசிக்கிறேன். 8 வயது மகனுக்கு இரண்டு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. ராத்திரி 2 மணிக்கு எழுந்து சுகர் பார்ப்பேன், அதன் பிறகு சரியாகத் தூக்கம் வராது. நாலரைக்கு ஓடக் கிளம்பிவிடுவேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 42 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். இப்போது எந்நேரமும் களைப்பு, இடது கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பில் வலி. “உடம்பு சரியில்லாத பிள்ளையை விட்டுவிட்டு ஓட்டம் தேவையா?” என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஓடலாம். உங்களுக்கு அந்த ஓட்டம் தேவை என்றே நினைக்கிறேன். நாள் முழுக்க ஒரு குழந்தையின் சுகர் அளவையே நினைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு, தனக்கென ஒரு மணி நேரம் இருப்பதில் தவறே இல்லை. ஆனால் இப்போது ஓடும் விதத்தில் தொடர வேண்டாம்.

முதலில் தூக்கம். ஓடும்போது தசையிலும் எலும்பிலும் ஏற்படும் சிறு சேதங்களைத் தூக்கத்தில்தான் உடம்பு அதிகம் சரிசெய்கிறது. இணையத்தில் கிடைக்கும் 16 வார, 20 வாரப் பயிற்சி அட்டவணைகள் எல்லாம், ஏழெட்டு மணி நேரம் தூங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நீங்கள் தூங்குவது அதில் பாதிதான் இருக்கும். களைப்புக்கு அதுவே போதுமான காரணம்.

தினமும் 2 மணிக்கு எழுந்துதான் ஆகவேண்டுமா என்று மகனின் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாயங்காலம் வெகுநேரம் ஓடியாடி விளையாடிய நாள், இன்சுலின் அளவு மாற்றிய நாள், காய்ச்சல் வாந்தி இருக்கும் நாள், படுக்கும்போதே சுகர் குறைவாக இருந்த நாள் - இந்த நாட்களில் நள்ளிரவுப் பரிசோதனை கட்டாயம். விளையாட்டின் விளைவாகச் சுகர் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கலாம். மற்ற நாட்களில் தளர்த்த முடியுமா என்பதை அவனுடைய அளவுகளைப் பார்த்து அவர் சொல்வார். கையில் ஒட்டும் சென்சார், சுகர் இறங்கினால் அலாரம் அடிக்கும் வகையாகப் பார்த்து வாங்க முடிந்தால், உங்கள் இரவுகளே மாறிவிடும். செலவு அதிகம்தான். வசதிப்படாவிட்டால் கணவரும் நீங்களும் முறை வைத்து எழுந்திருங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு அவருடைய முறையாக இருக்கட்டும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது. நீண்ட ஓட்டத்துக்குப் போகும் நாளில், நீங்கள் இல்லாத நான்கு மணி நேரம் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. சுகர் பார்க்க, காலை இன்சுலின் அளவெடுத்துப் போட, இறங்கினால் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கணவருக்கு மட்டுமல்ல, மாமியாருக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர் கோபத்துக்குப் பின்னால், ‘இவள் இல்லாத நேரத்தில் பையனுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்’ என்ற பயம் இருக்கக்கூடும். சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் ஊசி (சுகரை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் போட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர்கள் கையால் நாலைந்து முறை செய்யட்டும்.

பயிற்சியை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஒரு நாள் நீண்ட ஓட்டம். ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத இரவுக்குப் பிறகு வேக ஓட்டமும் வேண்டாம், நீண்ட ஓட்டமும் வேண்டாம். அன்று தூங்குங்கள். விட்டுப்போன கிலோமீட்டரை மறுநாள் சேர்த்து ஓடவே கூடாது. இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் கெட்டால், வண்டி ஓட்டுவதில்கூடக் கவனம் தேவை. டிசம்பர் தொடக்கத்தில் 28 கி.மீ. வரை சிரமமில்லாமல் போக முடியாவிட்டால், இந்த வருடம் முழு மாரத்தான் வேண்டாம். 21 கி.மீ.க்கு மாற அமைப்பாளர்கள் அனுமதிக்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டம் போகாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. அதற்கென்று தனியாக வாங்குங்கள். மகனுக்காக வைத்திருக்கும் குளுக்கோஸில் கை வைக்க வேண்டாம், அது எப்போதும் அதே இடத்தில் இருக்கவேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

களைப்புக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு), தைராய்டு, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

கடைசியாக, அந்தக் கால் வலி. விரலால் எலும்பை அழுத்தும்போது ஒரே இடத்தில் சுள்ளென்று வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகக்கூடும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஓட வேண்டாம்.