கேள்வி பதில்: செயின், ஆயில், பிரேக், ஞாயிற்றுக்கிழமை ரைடு

100 முதல் 350 சி.சி. வரை, தினமும் ஓட்டும் வண்டிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த வண்டி வாங்கலாம், இன்சூரன்ஸ், வண்டிக் கடன், எலெக்ட்ரிக் வண்டி இவற்றுக்கு இங்கே பதில் இல்லை.

திருப்பூர், ஸ்ப்ளெண்டர்: அண்ணே, செயின் கவர்ல டக் டக்னு அடிக்குது. வீட்டுலயே டைட் பண்ணலாமா?

தாராளமாக. முதலில் தொய்வுதானா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் வைத்து, செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றிக் கீழ்ச் செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். மொத்த ஆட்டம் 2 முதல் 3 செ.மீ.க்குள் இருந்தால் சரி. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிக்காதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நான்கைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொளதொள என்றிருந்தால் செயின் சமமில்லாமல் நீண்டுவிட்டது. அதை இறுக்கிப் பிரயோஜனமில்லை. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

தொய்வு மட்டும்தான் என்றால், பின் ஆக்ஸில் நட்டையும், பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் நட்டையும் தளர்த்துங்கள். இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டையும் கால் சுற்று கால் சுற்றாக, ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் கோடுகள் இருக்கும். இடது பக்கம் எத்தனையாவது கோடோ வலது பக்கமும் அதே கோடு. அளவை இறுக்கமான இடத்தில் எடுங்கள். பிறகு எல்லா நட்டையும் முறுக்கிவிட்டு மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்கள், ஆக்ஸில் இறுகும்போது அளவு மாறும்.

அடுத்துச் சொல்வதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சக்கரம் பின்னால் நகர்ந்தால் டிரம் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். பெடலில் ஆட்டமே இல்லாமல் போய், ஷூ உரசிக்கொண்டே ஓடும். டிரம் சூடாகும், மைலேஜ் விழும். பெடலில் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் வரும்வரை ராடு முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும். பின் பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள்.

சுத்தம் செய்ய டீசலும் பழைய பிரஷ்ஷும் போதும். துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ச் செயினின் உள்பக்கம், ரோலர் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ராத்திரி விட்டுக் காலையில் வெளியே இருக்கிற ஆயிலைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மண் ஒட்டும். 500 கி.மீ.க்கு ஒரு தடவை, நல்ல மழையில் ஓட்டினால் அன்றே.

எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் செயின் துடைக்காதீர்கள். துணி செயினில் சிக்கினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், கையை எடுக்க நேரமே இருக்காது. எஞ்சின் ஆஃப், சாவி பாக்கெட்டில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

சேலம், பல்சர் 150: கார் சர்வீஸுக்கு வாங்கின நல்ல சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கு. பைக்ல ஊத்தலாமா?

வேண்டாம். பைக்கில் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது கிளட்ச்சை வழுக்க வைக்கும்: த்ராட்டில் முறுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் ஜாசோ (JASO) தரக் குறி எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்றால் ஸ்கூட்டருக்கு. கிரேடு மேனுவலில் சொன்னதுதான். விலை அதிகமான ஆயில் என்பதற்காகக் கிரேடை மாற்றாதீர்கள்.

டிரெயின் போல்ட்டை முழு பலத்தோடு முறுக்காதீர்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், மரை போய்விட்டால் செலவு ஆயில் விலையைப் போல பல மடங்கு. வாஷரைப் புதிதாகப் போட்டால் அளவான இறுக்கத்திலேயே கசியாது.

வேலூர், ஷைன்: 1000 கி.மீ.லயே ஆயில் கருப்பாயிடுச்சு. மாத்திடவா?

நிறத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். கரியைத் தன்னிடம் வாங்கிக்கொள்வது ஆயிலின் வேலை. கி.மீ. கணக்கையும் அளவையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள்; வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். பால் கலந்தது போல இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

சென்னை: ஒன்றரை லட்சத்துக்குள் எந்த வண்டி நல்லது சார்?

மேலே சொன்னபடி, இதற்கு இங்கே பதில் இல்லை.

திண்டுக்கல், எச்.எஃப். டீலக்ஸ்: அம்மாவைப் பின்னால உட்கார வெச்சுத்தான் தினமும் ஓட்டறேன். முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்னு பின் பிரேக் மட்டும் பிடிப்பேன். சரிதானே?

சரியில்லை. தயவுசெய்து இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசான டயருக்குப் பிடிப்பு குறைவு, அதனால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் லாக் ஆகித் தேய்த்துக்கொண்டு போகுமே தவிர நிற்காது. காய்ந்த தார் ரோட்டில் வண்டியை நிறுத்தும் பலத்தில் முக்கால் பங்குக்கு மேல் முன் சக்கரத்திலிருந்துதான் வருகிறது. பின்னால் ஆள் இருந்தால் பின் சக்கரத்தின் பங்கு கூடும், ஆனாலும் முன் பிரேக்தான் முதன்மை.

60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 17 மீட்டர். பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் ஆகும். இரண்டையும் சரியாகப் பிடித்தால் ஏறக்குறைய 20. நாய் குறுக்கே வந்ததைப் பார்த்து மூளை கைக்குச் சொல்லும் ஒரு நொடிக்கு இரண்டு கணக்கிலும் 17 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரூர்: இது தப்பான அட்வைஸ் சார். 25 வருஷமா பின் பிரேக்லதான் ஓட்டறேன், ஒரு தடவை கூட விழுந்ததில்ல. மணல் ரோட்டுல முன் பிரேக் பிடிச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்.

மணலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. மணல், ஜல்லி, சாணம், வண்டி சாய்ந்திருக்கும் வளைவு, இந்த இடங்களில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழுவீர்கள். அதற்காகத் தார் ரோட்டிலும் அதைத் தொடாமல் விடுவதைத்தான் தவறு என்கிறேன். 25 வருஷமாக விழாதவர் முன்னால் பார்த்து, இடைவெளி விட்டு ஓட்டுகிறவர். அந்தப் பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பஸ் மறைவிலிருந்து குழந்தை ஓடி வந்தால் அந்த இடைவெளி இருக்காது, 20 மீட்டர்தான் இருக்கும்.

முன் பிரேக் தூக்கி அடிப்பதில்லை. பயந்து ஒரே பிடியாகப் பிடிப்பதுதான் தள்ளுகிறது. பாரம் முன்னால் வந்து சேரும் முன்பே டயரை லாக் செய்தால் வழுக்கும். ரெண்டு விரலால் லேசாகத் தொடுங்கள், ஃபோர்க் இறங்கும். இறங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். தொடுவதற்கும் அழுத்துவதற்கும் நடுவில் அரை நொடிகூட இல்லை, ஆனால் அந்த வரிசை முக்கியம்.

ஓசூர், அப்பாச்சி: என் வண்டில ஏ.பி.எஸ். இருக்கு. அதுவே பார்த்துக்காதா?

சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். லீவரை நீங்கள்தான் அழுத்த வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேலான வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம், ஆனால் பலவற்றில் சிங்கிள் சேனல், அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும். பின்னது லாக் ஆகும். சாய்ந்த நிலையில் வழுக்கினால் சாதாரண ஏ.பி.எஸ். காப்பாற்றாது.

மறுபடியும் கரூர்: சரி, சின்ன வண்டில சி.பி.எஸ். இருக்கே. பெடல் மிதிச்சாலே முன்னாடியும் பிடிக்குதே?

பிடிக்கிறது, ஓரளவுதான். முழுப் பலத்துக்கு முன் லீவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மெயின் ரோட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஆளில்லாத, காய்ந்த, நேரான தார் ரோடு. ஹெல்மெட், ஷூ, கையுறை. பின்னால் யாரும் வேண்டாம். 20 கி.மீ. வேகத்தில் முன் பிரேக் மட்டும், மெதுவாக, பத்துத் தடவை. பிறகு 30, பிறகு இரண்டு பிரேக்கும் சேர்த்து 40. கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, தூரத்தைப் பார்க்க வேண்டும். வண்டி நேராக இருக்க வேண்டும். திண்டுக்கல் தம்பி, அம்மாவை ஏற்றுவதற்கு முன் இதை ரெண்டு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

ஈரோடு, பல்சர் 150: டயருக்கு நைட்ரஜன் அடிக்கலாமா? எவ்வளவு காத்து வைக்கணும்?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் இருந்தால் 32. காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். டயர் மாற்றும்போது பக்கவாட்டில் 4 இலக்க எண்ணைப் படியுங்கள்: 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது.

தஞ்சாவூர், பேஷன்: செயின் சத்தம் வருது, என்ன பண்றது?

முதல் பதில். எஞ்சின் ஆஃப் செய்துவிட்டு.

மதுரை, 2016 மாடல் யூனிகார்ன்: ஈ20 பெட்ரோல் வந்ததுல இருந்து மைலேஜ் 55ல இருந்து 42 ஆயிடுச்சு.

எத்தனால் மேல் மொத்தப் பழியையும் போட முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதக் கலப்பிலிருந்து 20க்கு மாறினால் கணக்குப்படி 3, 4 சதவீதம்தான் விழ வேண்டும், 55 என்பது 53 ஆகலாம். மீதிக்குக் காரணம் வண்டியில் இருக்கிறது: ஏர் ஃபில்டர், டயர் காற்று, உரசும் பிரேக், பிளக், கார்புரேட்டர் ட்யூனிங்.

பழைய வண்டிக்கு நிஜமான கவலை ரப்பர்தான். பெட்ரோல் டியூப் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா பாருங்கள், புது டியூப் அதிக விலையில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி பவுலைக் காலி செய்துவிடுங்கள்.

நாமக்கல்: 11 வண்டி, ஸ்ப்ளெண்டர்ல இருந்து ஹிமாலயன் வரைக்கும். கொல்லிமலை போறோம். புதுப் பசங்க நாலு பேர். என்ன கவனிக்கணும்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. 11 வண்டியை ஒரே கூட்டமாகக் கொண்டுபோகாதீர்கள். ஆறு, ஐந்து என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி தெரிந்த ஒருவர் முன்னால், டூல் கிட்டோடு அனுபவசாலி ஒருவர் கடைசியில். புதியவர்கள் முன்னால் போகிறவருக்கு அடுத்து இருக்கட்டும், வேகத்தை அவர்கள் தீர்மானிக்கட்டும். கடைசியில் விட்டால் விட்ட தூரத்தைப் பிடிக்க முறுக்குவார்கள், விபத்து அங்கேதான் நடக்கிறது.

நேர் ரோட்டில் ஒருவர் வலது ஓரம், அடுத்தவர் இடது ஓரம் என்று மாறி மாறி, தனக்கு நேர் முன்னால் இருக்கும் வண்டிக்கு 2 நொடி இடைவெளி விட்டு. மலை ஆரம்பித்ததும் ஒற்றை வரிசை. ரோடு பிரியும் இடத்தில் இரண்டாவது வண்டிக்காரர் நின்று, கடைசி ஆள் வரும்வரை வழி காட்டட்டும், அதன் பிறகு போன் அடித்துத் தேட வேண்டியதில்லை. பெட்ரோல் நிறுத்தத்தைச் சின்ன டாங்க் வண்டியை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினை ஆஃப் செய்து நியூட்ரலில் உருட்டுவது பெட்ரோலை மிச்சப்படுத்தலாம், பிரேக்கைக் கொன்றுவிடும். வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டுவிடுங்கள். பெடலில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி 20 நிமிஷம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

கோவை, க்ளாசிக் 350: வால்பாறை இறக்கத்துல முன் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் போயிடுச்சு. கீழ வந்து ஆறினதும் சரியாயிடுச்சு. விட்டுடலாமா?

விடவே கூடாது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் இழுத்துப் பழசானால் 155க்கே கொதிக்கலாம். ஆவி அமுங்கும், அழுத்தம் பிஸ்டனுக்குப் போகாது. ஆறினதும் சரியானது போலத் தோன்றும், அடுத்த இறக்கத்தில் மறுபடி நடக்கும்.

2 வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும், ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும். சீல் பிரிக்காத டாட் 4 வாங்குங்கள். டாட் 5 வேறு வகை, கலக்கக் கூடாது. டாட் 4 பெயின்ட்டில் பட்டால் தின்றுவிடும், டாங்க் மேல் ஈரத்துணி போடுங்கள். கேலிப்பரின் பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் தளர்த்தி, மறுபடி மூடி, அதற்குப் பிறகுதான் லீவரை விட வேண்டும். மேலே ரிசர்வாயரில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். அது காலியானால் காற்று புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெளிந்த நிறத்தில், குமிழி இல்லாமல் வரும்வரை. கால் லிட்டர் பாட்டில் தாராளம். ஏ.பி.எஸ். மாடல் என்றாலோ, லீவர் பஞ்சு போலவே இருந்தாலோ சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். பேடு எவ்வளவு மிச்சம் என்று அப்போதே பாருங்கள், தேய்மானப் பள்ளம் மறைந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள்.

திருநெல்வேலி: அண்ணே, எஞ்சின ஓடவிட்டுச் செயின் கிளீன் பண்ற வீடியோ பார்த்தேன், சீக்கிரமா முடியுதே?

செய்யாதீர்கள். கையால் சுற்றினாலும் பத்து நிமிஷ வேலைதான்.