தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு அவமான உணர்வு எங்கிருந்து வருகிறது?

தன்பாலுறவு குற்றமல்ல என்று 377ஆம் சட்டப்பிரிவு குறித்த தீர்ப்பு 2018இலேயே வந்துவிட்டதே, இன்னும் ஏன் கூசிக் குறுகுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூச்சம் அதற்கு வெகு முன்பே உள்ளே குடியேறிவிடுகிறது.

"தப்பு செய்துவிட்டேன்" என்பது குற்றவுணர்வு. "நானே தப்பு" என்பது அவமான உணர்வு. "என்னடா நடை இது, பொம்பளை மாதிரி?" என்று பத்து வயதுப் பையனைப் பார்த்து மாமா சிரிக்கிறார். அன்றிலிருந்து அவன் தன் நிழலைக் கவனித்தபடியே நடக்கிறான். ஈர்ப்பு என்றால் என்னவென்று தெரியும் முன்பே ஒளிக்கக் கற்றுக்கொள்கிறான். வளர்ந்தபின் திட்டுவதற்கு மாமா தேவையில்லை. அந்தக் குரல் அவனுடையதாகிவிடுகிறது. உளவியலில் இதைச் சிறுபான்மை மன அழுத்தத்தின் (ஒதுக்கப்படும் சிறுபான்மையினர் கூடுதலாகச் சுமக்கும் அழுத்தம்) ஒரு பகுதியாக விளக்கியவர் ஆய்வாளர் இலான் மேயர்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை 1973இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 'உங்கள் ஈர்ப்பை மாற்றிவிடுகிறேன்' என்பவர் மருத்துவரே ஆனாலும் அவரிடம் போகாதீர்கள். கேலி செய்யாத ஒருவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே அவமான உணர்வின் பிடி கொஞ்சம் தளரும்.