வேலையில் மனம் ஒன்ற மாட்டேன் என்கிறது, டொக்டர்

கேள்வி: எனக்கு 26 வயது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். எங்கள் லயத்து வீட்டில் இரண்டு காம்பராவுக்கு ஆறு பேர். பகலில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் வேலை ஓடாது. அதனால் எல்லோரும் படுத்த பிறகு, இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை செய்கிறேன். தூக்கம் வராமலிருக்க பிளேன்டி குடிப்பேன். காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். உயர்தரம் படித்த காலத்தில் கணக்கோடு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. இப்போது அந்த நிலை வருவதே இல்லை, எழும்பும்போதே அசதி. இரண்டு வருஷத்துக்கு முன் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12.2, நோர்மல் என்றார்கள். நண்பி ஒருத்தி கவனத்தைக் கூட்டும் என்று சில குளிசைகள் தந்திருக்கிறாள். போடலாமா?

பதில்: முதலில் அந்தக் குளிசை. போடாதீர்கள் மகள். அது மெத்தில்பெனிடேட்டாக இருந்தால், கவனக்குறைபாட்டு நோய் உறுதியானவர்களுக்கு வைத்தியர் பார்த்து எழுதித் தர வேண்டிய மருந்து. இதயத் துடிப்பையும் பிரஷரையும் கூட்டும், பசியையும் தூக்கத்தையும் குறைக்கும். தூக்கம் உங்களுக்கு ஏற்கெனவே மூன்றரை மணி நேரம்தான். வேறு ஏதாவது குளிசையாக இருந்தால், என்னவென்றே தெரியாமல் விழுங்குவது இன்னும் ஆபத்து. அந்த நோயின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரியத் தொடங்கியிருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. நான் காண்பது தூக்கமில்லாத, அநேகமாக இரும்புச்சத்தும் குறைந்த ஓர் உடம்பை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு மனதைத் திட்டுகிறீர்கள்.

அந்த 12.2 என்ற இலக்கத்தைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால் உடம்பு அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்ளும். நுவரெலியா நகரம் சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் வாழ்பவர்களுக்கு அரை கிராமுக்கும் மேல் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கழித்துப் பாருங்கள், நீங்கள் 12க்குக் கீழே வந்துவிடுகிறீர்கள். கொழும்பில் இருப்பவருக்கு நோர்மலான இலக்கம் மலையில் இருப்பவருக்கு நோர்மல் ஆகாது. அதுவும் இரண்டு வருஷம் பழைய இலக்கம்.

கவனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இரும்புச்சத்து இரத்தத்துக்கு மட்டும் இல்லை. மனம் ஒரு வேலையில் நிலைக்க உதவுகிற டோபமின் என்ற இரசாயனத்தை மூளை தயாரிப்பதற்கும் அது வேண்டும். ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்பே, உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பு குறையும்போதே, அசதி வரலாம். ஆகவே ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் எப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் பெரிட்டினும் பாருங்கள், சேமிப்பைக் காட்டுவது அதுதான். தைரொய்ட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, பச்சரிசி மெல்லத் தோன்றுகிறதா, வயிற்றுப் பூச்சிக்குக் கடைசியாக மருந்து எடுத்தது எப்போது என்பதையெல்லாம் வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வெறும் அரிசியை மெல்லும் ஆசை பழக்கதோஷம் இல்லை, இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

அப்புறம் தேத்தண்ணி. நம் மக்களிடம் இதைக் குறைக்கச் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். முழுக்க விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போதே பிளேன்டி குடித்தால், அதிலுள்ள துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். பருப்பு, கீரை, நெத்தலி சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். இரும்புக் குளிசை தந்தாலும் இதே கதைதான்: தேத்தண்ணியோடும் பாலோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடர வேண்டியிருக்கும்.

இரவு பிளேன்டிக்கு வேறு பிரச்சினை உண்டு. கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரமளவு எடுக்கும். பதினொரு மணிக்குக் குடித்ததில் பாதி விடியற்காலை நான்கு மணிக்கும் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் தூங்கும் அந்தக் கொஞ்ச நேரமும் ஆழமில்லாமல் போகிறது. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இதைச் சரிசெய்யாமல் நான் சொல்லும் வேறு எதுவும் பலிக்காது.

சரி, இரவு வேலையை விட்டால் எப்போது செய்வது? உங்கள் லயத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் மலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், எட்டரையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு ஆட்கள் திரும்பும் வரை லயம் ஓரளவு அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் துணி துவைத்து, சமைத்து, வட்ஸ்அப் குரூப்புக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கஷ்டமான கணக்கு வேலையை அங்கே கொண்டுவாருங்கள். வீட்டு வேலை பின்னேரத்துக்குப் போகட்டும், அதில் மற்ற ஐந்து பேருக்கும் பங்கு இருக்கட்டும். சம்பளம் கொண்டுவரும் வேலை வீட்டில் நடக்கிறது என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. அம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கினால் என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். கம்பனிக்கும் சொல்லுங்கள்: ஒன்பதிலிருந்து பத்தரை வரை மெசேஜ் பார்க்க மாட்டேன், அவசரமென்றால் கோல் எடுங்கள் என்று. போனைச் சத்தம் கூட்டி அடுத்த காம்பராவில் வையுங்கள்.

அப்படியும் யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். 2009இல் சோபி லெரோய் என்ற ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. பின்னாளில் இதற்கு அவரே ஒரு கைமருந்தும் சொன்னார். எழும்பிப் போகுமுன், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி எழுதிவைப்பது. ‘மார்ச் பில் 14 வரை சரி பார்த்தாச்சு, அடுத்தது வங்கிக் கூற்று’ என்று மேசையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தால் போதும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் இடையூறே இல்லாத நாள் வராது. இடையூறுக்குப் பின் சீக்கிரம் திரும்புவதைத்தான் நாம் பழக வேண்டும். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் இன்றே செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள்.

நேரம் போவது தெரியாத அந்த நிலையைப் பல காலம் ஆராய்ந்தவர் ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஓவியர்கள் பசியை மறந்து வரைவதைப் பார்த்து ஆராயத் தொடங்கினார். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்து, சரியா பிழையா என்பது உடனே தெரிந்து, வேலை நம் திறமைக்குச் சற்றே மேலாக இருக்கும்போது அந்த நிலை வர வாய்ப்புக் கூடும். உயர்தரக் கணக்கில் இந்த மூன்றும் இருந்தன. பில்களைப் பதிவது அப்படி இல்லை. அது எளிது, அலுப்பானது, பிழையிருந்தால் மாதக் கடைசியில்தான் தெரியும். அதில் அந்த நிலை வராததற்கு உங்களைக் குறை சொல்ல வேண்டாம். வேலையைச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் முடிவிலும் கூட்டுத்தொகை சரிவருகிறதா என்று பாருங்கள், கொஞ்சம் பிடிப்பு வரும். தொடக்கத்தில் இருபத்தைந்து நிமிஷம் போதும், பழகப் பழகக் கூட்டலாம். வராத நாளில் சாதாரணமாக வேலையை முடித்துவிட்டு எழும்புங்கள், அந்த வேலையும் நல்ல வேலைதான்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். வேலையில் மட்டுமல்லாமல், பிடித்த எதிலுமே இரண்டு கிழமைக்கு மேலாக மனம் ஒட்டவில்லையா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? அப்படியென்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்குப் போகும் அன்றே அதையும் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

குளிசைகளை நண்பியிடம் திருப்பிக் கொடுங்கள், அவரும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரத்த முடிவு வந்ததும் எழுதுங்கள் மகள். ‘நோர்மல்’ என்று மட்டும் எழுதாமல், இலக்கத்தை எழுதுங்கள்.