கேள்வி – பதில்: மலையகப் பிள்ளைகளின் வானிலைக் குறிப்பேடு

கேள்வி: தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 6, 7 மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். வெளிநாட்டுப் பாடசாலைகளோடு வெப்பநிலை, மழைவீழ்ச்சித் தரவுகளைப் பரிமாறி ஒப்பிடச் செய்ய ஆசை. எங்களிடம் கருவி எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: மழையிலிருந்து தொடங்குங்கள். கொழுந்துக் கூடையோடு நனைந்து வரும் தாயைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மழையைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க அதிகமில்லை. அதை அளந்து எழுதத்தான் பழக்க வேண்டும். வாய் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு புனலைப் போத்தலொன்றின் மேல் பொருத்தி, சேர்ந்த நீரைப் பாணி மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தால் அளந்தாலே போதும். அந்த வாயின் பரப்பளவு ஏறத்தாழ 78.5 சதுர சென்ரிமீற்றர் என்பதால், 78.5 மில்லிலீற்றர் நீர் சேர்ந்திருந்தால் 10 மில்லிமீற்றர் மழை. 157 சேர்ந்திருந்தால் 20 மில்லிமீற்றர். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே செய்து கண்டுபிடிக்கட்டும். லயத்துக் கூரையின் தாழ்வாரமும் மரக்கிளையும் போத்தலுக்குள் சொட்டக் கூடாது; அருகிலுள்ள கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப் போல இரு மடங்கு தூரத்தில் போத்தல் இருப்பது நல்லது.

வாசிக்கும் நேரத்தை ஒருமுறை தீர்மானித்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். நம் வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 வரையான 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. பாடசாலை நாளில் அந்த நேரம் உங்களுக்கும் வசதியானதே. தோட்டங்களில் மழைக்கணக்கு எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தோட்ட நிர்வாகம் அனுமதித்தால் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள். பழைய பக்கங்களில் அங்குலக் கணக்கு இருந்தால், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்று அவர்களே மாற்றி எழுதிப் பழகலாம்.

நான் அதிகம் வற்புறுத்துவது ஒன்று உண்டு: பூச்சியமும் வெற்றிடமும் ஒன்றல்ல. போத்தலைப் பார்த்து, அதில் நீர் இல்லை என்று கண்டவருக்கே 0.0 என்று எழுத உரிமை உண்டு. சனி, ஞாயிறு யாரும் பார்க்காமல் திங்கட்கிழமை 42 மில்லிமீற்றர் இருந்தால், அது மூன்று நாள் மழையின் மொத்தம் என்று எழுத வேண்டும். மூன்றால் வகுத்து ஒவ்வொரு நாளுக்கும் 14 என்று நிரப்புவது பொய்யெழுத்து. விடுபட்ட நாளை வெறுமையாக விட்டதற்காகப் பிள்ளையைக் கண்டித்தால், அடுத்த கிழமையிலிருந்து அந்தக் கட்டங்கள் கற்பனை எண்களால் நிரம்பத் தொடங்கும். அப்படி நிரம்பிய குறிப்பேட்டை எந்த நாட்டுத் தரவோடும் ஒப்பிட முடியாது.

வெப்பமானியில் நானே தவறியிருக்கிறேன். கற்பித்த காலத்தில் ஒரு பாடசாலையில் அதைத் தகரச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். இரண்டு கிழமையாக நண்பகல் வாசிப்பு 30 பாகைக்கு மேலேயே நின்றது. அந்த உயரத்தில் அது நம்பக்கூடியதன்று என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒரு மாணவிதான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சேர், தகரம் சுடுது" என்றாள். நாங்கள் காற்றையல்ல, தகரத்தையே அளந்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. கோடிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதிவைத்தோம்.

இதற்காகத்தான் வெப்பமானியை வெள்ளை நிறமுள்ள, காற்றுப் புகும் பலகைச் சட்டங்கள் கொண்ட பெட்டிக்குள் வைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதை வடிவமைத்த தோமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீற்றர் வரையான உயரத்தில், கதவு வடக்கு நோக்கி இருக்குமாறு அதை வையுங்கள். ஆனால் ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நம் நாட்டில் நண்பகற் சூரியன் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் கதவைத் திறப்பவர் தம் உடலால் நிழல் கொடுத்து விரைவாக வாசிக்க வேண்டும்.

பன்னாட்டுப் பரிமாற்றத்துக்கு 'குளோப்' என்னும் செயற்றிட்டத்தைப் பாருங்கள். 1994 ஏப்ரல் 22ஆம் திகதி அமெரிக்காவின் அப்போதைய உப ஜனாதிபதி அல் கோர் அறிவித்து, அடுத்த ஆண்டு புவி தினத்தில் இயங்கத் தொடங்கியது அது. அதில் சேரும் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே நடைமுறையில் அளக்கிறார்கள் என்பதே அதன் பெரும் பயன். உதாரணமாக, காற்றின் வெப்பநிலையைச் சூரியன் உச்சிக்கு வரும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பின்னுக்குள் வாசிக்க வேண்டும். இங்கே காலை 8.30 ஆகும்போது ஈக்குவடோரின் கீற்றோ நகரில் முந்தைய நாள் இரவு 10 மணி. கடிகாரத்தை நம்பினால் நம் காலையை அவர்களுடைய இரவோடு ஒப்பிட்டுவிடுவோம்.

கேள்வி: ஜூலை மாதம் முழுவதும் என் மகன் பெரும்பாலான நாட்களில் 0.0 என்றே எழுதினான். வட்டவளையில் படிக்கும் அவனுடைய மச்சான் தினமும் பெரிய பெரிய எண்களை எழுதினானாம். எங்கள் மழைமானி பழுதா?
– தந்தை ஒருவர், பண்டாரவளை

பதில்: பழுதில்லை. உங்கள் மகனின் பூச்சியங்கள் மிகவும் பெறுமதியானவை, அழித்துவிட வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, அங்கேயே மழையைக் கொட்டுகிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் வட்டவளை அந்தச் சரிவில்தான் இருக்கிறது. மலையைத் தாண்டி உங்கள் ஊர் இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் சேர்வதும் இந்த ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றில்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளைப் பக்கத்தை நனைக்க, மேற்கே வானம் தெளியும். திம்புள்ளைப் பகுதித் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை சிறப்படைவதும் அதனால்தான்.

மச்சான்மார் இருவரும் மாதக் கடைசியில் குறிப்பேட்டுப் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து மாற்றிக்கொள்ளட்டும். ஓராண்டு ஆனதும் இரண்டு வரைபுகளையும் ஒரே தாளில் வரைந்தால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதைக் கண்ணால் காண்பார்கள். உலகத் தரவுக்குப் போகுமுன் மலையின் இரு பக்கத்தையும் இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதே முறையான வரிசை என்பது என் உறுதியான கருத்து. தலவாக்கலை ஆசிரியைக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: நுவரெலியாவும் குளிர், இலண்டனும் குளிர். எனவே இலண்டனோடு ஒப்பிடலாம் என்கிறாள் என் தோழி. சரியா?
– தரம் 9 மாணவி, நுவரெலியா

பதில்: ஒப்பிடலாம், மகளே, ஆனால் குளிருக்கான காரணம் வேறு. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை, உங்கள் ஊருடையது 16. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உயரம்: 1,000 மீற்றர் ஏறினால் சுமார் 6.5 பாகை குறையும், நுவரெலியா 1,860 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. உங்களுக்கு நெருங்கிய உறவு கீற்றோதான். பூமத்தியரேகைக்கு மிக அருகில், ஏறத்தாழ 2,850 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கும் ஆண்டு முழுவதும் மிதமான குளிர். இலண்டனிலோ ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல், டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கோடையும் குளிர்காலமும் அதனால் வருபவை. மூன்று ஊர்களின் மாதச் சராசரிகளையும் ஒரே வரைபில் வரைந்து பார். அமெரிக்கப் பாடசாலை ஒன்று 61 என்று எழுதியனுப்பினால் பயந்துவிடாதே. அது பரனைற் அளவு, நம் 16 பாகைதான்.

ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போதும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 2 அல்லது 3 பாகை காட்டக்கூடும். தெளிந்த இரவில் தரையே முதலில் குளிர்வதால், புல் உறைந்ததும் உண்மை, வெப்பமானி காட்டுவதும் உண்மை. எண்ணைத் திருத்தாமல், பக்கத்தில் 'புல்லில் உறைபனி' என்று எழுதிவை.